வரி கேட்காத வாசல்

திருவிழா வரி கேட்டு வருகிறவர்கள் பெனடிக்ட்டின் வாசலில் நிற்பதில்லை.

கோடை தொடங்கியதும் இரண்டு பேர் ரசீதுப் புத்தகத்துடன் கோயில் தெருவில் கிளம்புவார்கள். ஒவ்வொரு வீட்டிலும் நின்று, மோர் கொடுத்தால் குடித்து, பணம் வாங்கி, பெயர் எழுதிக் கிழித்துக் கொடுப்பார்கள். பெனடிக்ட் வீடு வந்ததும் பேச்சை நிறுத்தாமலே அடுத்த வாசலுக்குப் போய்விடுவார்கள். இதில் பகை எதுவும் இல்லை. ஊர்க்கட்டு அப்படி. கல்யாணம் ஆனவன் தலைக்கட்டு. தலைக்கட்டுக்கு வரி உண்டு. வரி கட்டியவனுக்குத் தேர் தூக்கத் தோள்முறை உண்டு, கூட்டத்தில் எழுந்து பேச வாய் உண்டு. கல்யாணம் ஆகாதவன் அப்பன் கணக்கில் இருப்பான். அப்பன் போனால் அண்ணன் கணக்கில். பெனடிக்ட்டுக்கு நாற்பத்து நான்கு வயது.

அம்மா இருந்தவரை கைம்பெண் என்று அரை வரி வாங்கினார்கள். அவள் காலையிலிருந்தே பணத்தைக் கையில் மடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவள் இறந்த வருடம் அவன் அதே இடத்தில் நின்றான். "நல்லாருக்கியா பெனடிக்ட்டு" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். பின்னாலேயே போய்ப் பணத்தை நீட்டினான். நாட்டாமை தைரியநாதன் சிரித்தார்.

"ஒனக்கு எதுக்குப்பா வரி? மனசு இருந்தா உண்டியல்ல போடு."

உண்டியலில் போட்டான். உண்டியல் யாருக்கும் ரசீது கொடுப்பதில்லை.

ஊர் வரதராசன்பேட்டைக்குக் கிழக்கே, முந்திரிக் காடுகளுக்கு நடுவில் இருக்கிறது. அவனுக்கு வேலை ஆலத்தியூரில், சிமெண்ட் ஆலையின் எடைமேடையில். ஒப்பந்த வேலை. லாரி மேடையில் ஏறும். கண்ணாடித் துளை வழியாக ஒரு கை சீட்டை நீட்டும். எடையைப் பதிந்து திருப்பிக் கொடுப்பான். ஓட்டுநர்களில் பலருடைய கைகளை அவனுக்குத் தெரியும். முகங்களைத் தெரியாது.

பெண் பார்க்காமல் இல்லை. ஓர் இடத்தில் அம்மாவின் வியாதியைச் சொன்னார்கள். ஓர் இடத்தில் வேலை நிரந்தரம் இல்லை என்றார்கள். பிறகு பார்ப்பது நின்றுபோனது. எப்போது நின்றது என்று கேட்டால் அண்ணன் பிலவேந்திரனுக்கும் சொல்லத் தெரியாது.

ட்ரோன் எண்ணம் டீக்கடையில் வந்தது. வேறோர் ஊரின் தேர்த் திருவிழாவை மேலிருந்து எடுத்த படம் ஒன்று போன் போனாகப் போய்க்கொண்டிருந்தது. தைரியநாதன் இரண்டு தடவை பார்த்தார்.

"நம்ம மாதா தேரையும் இப்பிடி எடுக்கணும்டா. துபாய்ல கெடக்குற பயலுவோ பாக்கும். ஆனா எடுக்குறவன் கேக்குற காசுக்கு இன்னொரு தேரே செஞ்சிடலாம்."

"நான் எடுத்துத் தரேன் மாமா" என்றான் பெனடிக்ட்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவன் கடையில் பேசுகிறவன் அல்ல.

"எதுல எடுப்ப? தென்னமரத்துல ஏறியா?"

"வாங்கிடறேன். காசு வேணாம். வரியா வச்சுக்கங்க."

தைரியநாதன் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "விடமாட்டியே நீ. சரி, எடு. நல்லா வந்துச்சுன்னா அடுத்த வருசம் ஒன் வரி விசயத்தக் கூட்டத்துல பேசுறேன்."

அந்த வாரமே திருச்சிக்குப் போனான். மடித்தால் உள்ளங்கை அளவு. நான்கு கைகள், முன்னால் ஒரு கேமரா, வயிற்றில் தரையைப் பார்க்க இரண்டு சின்னக் கண்கள். ஒரு பேட்டரி போதாது, மூன்றாக வாங்குங்கள் என்றார் கடைக்காரர். ஒரு பேட்டரியின் விலை இரண்டு தலைக்கட்டு வரிக்கு மேல் இருந்தது. அப்படித்தான் கணக்குப் போட்டுப் பார்த்தான், வேறு அளவுகோல் அவனிடம் இல்லை. அம்மாவின் வைத்தியத்துக்கு என்று சேர்த்து, வைத்தியம் தேவைப்படாமல் போன பணம் வங்கியில் கிடந்தது. அது போனது.

புது வண்டி எதுவும் மந்திரிக்காமல் அந்த ஊரில் ரோட்டில் ஏறாது. பைக், டிராக்டர், முந்திரிக்கொட்டை உடைக்கும் மெஷின் வரை சாமியார் முன் வைத்துத் தீர்த்தம் தெளிப்பார்கள். பொங்கலன்று கோயில் முற்றத்தில் வண்டிகள் வரிசையாக நின்றன. பெனடிக்ட் இரண்டு பைக்குகளுக்கு நடுவில் பெட்டியை வைத்தான். அடுத்த வீட்டு மதலேனம்மாள் பெட்டியை எட்டிப் பார்த்தாள்.

"மூடி வச்சிருந்தா அட்டையத்தான்டா மந்திரிப்பாரு. தொறந்து வையி."

"வேணாம் சின்னம்மா, தண்ணி..."

"தீர்த்தத்தப் போயி தண்ணிங்கறான் பாரு."

திறந்து வைத்தான். அது போதாது என்று அவளே அதை எடுத்துக் குப்புறத் திருப்பி வைத்தாள். வயிறு மேலே தெரிந்தது. புதுச் சாமியார் இளைஞர், கை தாராளம்.

முதல் வாரங்களில் வீட்டுக்கு ஆள் வந்தது. அம்மா செத்த வீட்டுக்கு வந்ததற்குப் பிறகு அப்போதுதான் அவ்வளவு செருப்புகள் அவன் வாசலில் கிடந்தன. எல்லோருக்கும் தங்கள் கூரை மேலிருந்து எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டியிருந்தது. பார்த்ததும் போய்விட்டார்கள். ஒருவர் வரப்பைப் பார்த்துவிட்டுப் பக்கத்துத் தோப்புக்காரரோடு சண்டைக்குப் போனார். பானுப்ரியா என்கிற பெண் தெருவில் நின்று கத்தினாள்: "பொம்பளைங்க குளிக்கிற எடத்துல என்னடா ஹெலிகாப்டரு? மேலேருந்து எட்டிப் பாக்குற வேலையெல்லாம் வச்சுக்காத." அவன் அந்தப் பக்கம் போகவே இல்லை. அதைச் சொல்லவும் இல்லை.

ஆலைப் பக்கம் பறக்கவிடக் கூடாது. பள்ளிக்கூடத்தின் மேல் கூடாது. காற்றடித்தால் கூடாது. மழை என்றால் வெளியே எடுக்கவே கூடாது. முப்பது நிமிடம் என்று பெட்டியில் போட்டிருந்தது, வெயிலில் இருபதைத் தாண்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவன் கிளம்பும் நேரம் பார்த்துப் புதிதாக ஏதோ சாப்ட்வேரை இறக்கிக்கொண்டால்தான் பறப்பேன் என்று அடம்பிடிக்கும். சிக்னலுக்காகப் போனைத் தூக்கிக்கொண்டு தண்ணீர்த் தொட்டியில் ஏறி உட்கார்ந்திருப்பான். ஒருநாள் பருந்து அடித்து ஓர் இறக்கை போனது. ஒன்று மட்டும் விற்க மாட்டார்களாம், செட்டாகத்தான்.

கடைசியில் யாரும் எதுவும் சொல்லாத இடம் கல்லறைத் தோட்டமும் அதை ஒட்டிய வற்றிய ஏரியும்தான். ஆளைப் பின்தொடர்ந்து வரும்படி அதற்குச் சொல்லி வைக்கலாம். ஏரிக்குள் அவன் நடப்பான். அது தலைக்கு மேல் பின்னாலேயே வரும். மாடு மேய்க்கிறவர்கள் பார்த்துவிட்டு டீக்கடையில் சொன்னார்கள்.

"பெனடிக்ட்டு நாய் வளக்குறான்டா. பறக்குற நாயி."

"சோறு போட வேணாம்ல. சார்ஜ் போட்டாப் போதும்."

வீட்டுக்கு வந்து அந்தப் படங்களைப் பார்ப்பான். வெடித்த மண்ணில் ஒரு தலையும் அதன் நிழலும் போய்க்கொண்டே இருக்கும். அழித்துவிடுவான்.

தவக்காலத்தில் கேமரா நடுங்கத் தொடங்கியது. பிறகு படம் பாதியாகத் தெரிந்தது. ஒரு வருட உத்தரவாதம் இருந்தது. பேட்டரி உள்ள பெட்டியை அனுப்ப முடியாது என்று கூரியரில் சொன்னார்கள். லீவு போட்டுவிட்டுச் சென்னைக்குப் பஸ் ஏறினான். சர்வீஸ் கவுண்டரில் இருந்த பெண் உள்ளே கொண்டுபோய்த் திறந்து பார்த்துவிட்டு வந்தாள்.

"தண்ணி பட்டிருக்கு சார். வாரண்டில வராது."

"மழையில விடலீங்க."

"ஏரி, கொளம்?"

"ஏரியில தண்ணியே இல்லீங்க."

"அப்ப எப்பிடி சார் உள்ள பூரா பச்ச புடிச்சிருக்கு? கடல் தண்ணி பட்ட மாதிரி அரிச்சிருக்கு."

பின்னால் நான்கு பேர் நின்றார்கள். அவன் குரலைத் தாழ்த்தினான். "தீர்த்தம் தெளிச்சாங்க. கோயில்ல. அதுல உப்புப் போட்டு மந்திரிப்பாங்க."

அவள் சிரிக்கவில்லை. திரையில் இருந்த பட்டியலை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். "தீர்த்தம்னு போடறதுக்கு இதுல எடம் இல்ல சார். திரவம்னு மட்டும்தான் இருக்கு."

கேமராவை மாற்றக் காசு கட்டினான். கீழே பார்க்கும் கண்களை மாற்ற வேண்டும் என்றால் உள்ளே இருக்கும் சர்க்யூட் பலகையையே மாற்ற வேண்டும், புதிதே வாங்கிவிடலாம் என்றாள். வேண்டாம் என்றான்.

"அப்ப எறக்கும்போது ஜாக்கிரதை சார். தரை எது, ஆள் எதுன்னு இனிமே அதுக்குத் தெரியாது. முடிஞ்சா கையில புடிச்சுக்கங்க. நீங்க போனப் பாக்குறப்ப மேல பாத்துக்க ஒருத்தரக் கூட வச்சுக்கங்க. வீட்ல யாராவது இருப்பாங்கல்ல?"

"இருக்காங்க" என்றான்.

மே மாதம் திருவிழா. கடைசி நாள் பெரிய பூசை முடிந்ததும் பகல் தேர். தோள் கொடுக்கிறவர்களின் பெயர்களைத் தைரியநாதன் மைக்கில் முறைப்படி வாசித்தார். பிலவேந்திரன் பெயர் வந்தது. பெனடிக்ட் மாதா சிலை வைத்த கெபிக்குப் பக்கத்தில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றான். மேலே பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும் என்று அண்ணியிடம் முதல் நாள் கேட்டிருந்தான். அனிதா மேரி நல்லவள். "நேந்துக்கிட்டேனே பெனடிக்ட்டு, தேரு பின்னாலயே நடக்கறேன்னு" என்றாள். வேறு யாரையும் கேட்கவில்லை.

மாதா, பூமாலைகள், நான்கு மூலையிலும் சாந்தில் செய்து வண்ணம் தீட்டிய சம்மனசுகள், இறக்கை விரித்த தேவதூதர்கள். தேர் எழுந்தது. கூட்டம் பின்னால் போனதும் கோயில் முன்னால் தேர் நிற்கும் சிமெண்ட் தளம் காலியானது. மேலே தோரணம் இல்லாத இடம் அது ஒன்றுதான். ட்ரோனை அங்கே வைத்து மேலே அனுப்பினான்.

படம் நன்றாக வந்தது. தெருக்கள் கோடுகளாகவும் குடைகள் பொட்டுகளாகவும் தேர் ஒரு பூக்கூடையாகவும் தெரிந்தன. முதல் பேட்டரி, இரண்டாவது பேட்டரி. இரண்டு தடவையும் தளத்துக்கு வரவழைத்துக் கையில் பிடித்தான். தேர் கடைசித் தெருவான கீழத்தெருவுக்குத் திரும்பியபோது மூன்றாவதைப் போட்டு அனுப்பினான். இதுவரை வந்த வேகத்தில் கணக்குப் பார்த்தால் தேர் வந்து சேர அரைமணி நேரமாவது ஆகும்.

தேர் தூக்கியவன் யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பான். கீழத்தெரு மட்டும்தான் தார் ரோடு. உச்சி வெயிலில், வெறுங்காலில், அந்தத் தெருவில் தேர் நடக்காது. ஓடும். இத்தனை வருடமும் பெனடிக்ட் கூட்டத்தின் வாலில் நிழல் பார்த்து நடந்து வந்தவன். முன்னால் ஓடுவது அவனுக்குத் தெரியாது.

பேட்டரி குறைகிறது என்று ரிமோட் கத்தியது. கிளம்பிய இடத்துக்குத் திரும்பி வரச் சொல்லும் பொத்தானை அழுத்தினான். அந்த நேரம் பார்த்துப் போன் சூடேறித் திரை கறுத்தது. மணிக்கூண்டின் நிழலுக்கு ஓடி, போனைச் சட்டைக்குள் வைத்து ஊதினான். மேளச் சத்தம் காதருகே கேட்ட பிறகுதான் நிமிர்ந்தான். தேர் தளத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் மேலே ட்ரோனும்.

அது சொன்ன இடத்துக்குச் சரியாக வந்தது.

முதலில் சம்பங்கியும் மல்லிகையும் துகள்துகளாகக் கூட்டத்தின் மேல் பறந்தன. ட்ரோன் பூத்தூவுகிறது என்று நினைத்துக் கை தட்டினார்கள். "மரியே வாழ்க" என்று ஒரு குரல் எழுந்தது. பிறகு ஏதோ முறிந்தது. வலப்பக்கச் சம்மனசின் இறக்கை ஒன்று தளத்தில் விழுந்து மூன்றாக உடைந்தது. அதன் பக்கத்தில் ட்ரோன் மல்லாந்து கிடந்தது. யாருக்கும் அடி இல்லை.

அடுத்த ஞாயிறு பூசைக்குப் பிறகு கோயில் முற்றத்தில் கணக்கு வாசித்தார்கள். வரவு, செலவு, பட்டாசு, மேளம். கடைசியில் தைரியநாதன் கண்ணாடியைக் கழற்றினார்.

"சம்மனசு ரெக்கை. செஞ்சவனே வந்து பாத்துட்டுப் போயிட்டான். அந்தச் செலவும் அபராதமும் சேத்துப் போடணும். இன்னைக்குச் சும்மா விட்டா நாளைக்கு ஒருத்தன் ராக்கெட்டு விடுவான்."

பெனடிக்ட் எழுந்தான். பணம் சட்டைப்பையில் இருந்தது. கூட்டத்தில் அவன் எழுந்தது இதுதான் முதல் தடவை. அவனுக்குள் சந்தோசம் மாதிரி ஒன்று இருந்தது.

"நான் கட்டிடறேன் மாமா. எம்பேர்ல எழுதுங்க."

"ஒக்காரு பெனடிக்ட்டு. நீ எந்திரிக்கக் கூடாது."

"தப்பு என்னோடதுதான்."

"யாரு இல்லேன்னா? தப்பு ஒன்னோடதுதான். அபராதம் தலைக்கட்டு மேலதான் போட முடியும். ஒனக்குப் போட்டா அப்புறம் டவுசர் போட்ட பயலுவோளுக்கெல்லாம் போடணும்."

"அவனுக்கு மொதல்ல ஒரு கல்யாணத்தப் பண்ணிட்டு அப்புறம் அபராதம் போடுங்கப்பா" என்று பின்னாலிருந்து ஒருவர் சொன்னார்.

"கல்யாணமே அபராதந்தானடா!"

சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. பெனடிக்ட்டும் சிரித்தபடி நின்றான். உட்கார வேண்டும் என்று தோன்றவில்லை.

"யாரு கணக்குல இருக்கான் இவன்?" ரசீதுப் புத்தகம் வைத்திருந்தவர் கேட்டார்.

"பிலவேந்திரன்."

அண்ணன் எழுந்தான். வேட்டி மடிப்பிலிருந்து பணத்தை எடுத்து எண்ணிக் கொடுத்தான். வரிக்கு எழுதும் அதே புத்தகத்தில் அண்ணன் பெயரை எழுதிக் கிழித்தார்கள். அண்ணன் அதைப் பார்க்காமல் மடித்து வைத்துக்கொண்டான்.

சாயங்காலம் பெனடிக்ட் பணத்துடன் அண்ணன் வீட்டுக்குப் போனான். பிலவேந்திரன் மொட்டைமாடியில் முந்திரிக்கொட்டையைக் காயவைத்துக் காலால் கிளறிக்கொண்டிருந்தான்.

"வாங்கிக்கண்ணே."

"வச்சுக்க."

"இல்லண்ணே, எனக்கு ஒரு மாதிரி இருக்கு."

"என்ன மாதிரி இருக்கு? அதுக்கும் ரெக்கை ஒடிஞ்சிருச்சுல்ல, அத வாங்கு." அண்ணன் குனிந்து ஒரு சொத்தையைப் பொறுக்கி வெளியே எறிந்தான். "அந்தச் சனியன வித்துத் தொலைச்சிடேன்டா."

"யாரு வாங்குவா? தண்ணி பட்டதுன்னு எழுதிக் குடுத்துட்டாங்க."

கீழே அண்ணி கேட்டாள். "சாப்புட்டியா பெனடிக்ட்டு?"

"சாப்புட்டேன் அண்ணி." சாப்பிட்டிருக்கவில்லை.

தைரியநாதன் வரி பற்றி அதன்பிறகு பேசவில்லை. அவன் எடுத்த தேர்ப் படம் போன் போனாகப் போனது. துபாயிலிருந்து ஒருவர் கேட்டாராம், யார் எடுத்தது என்று. நம்ம ஊர்ல எடுத்தது என்று பதில் அனுப்பியிருந்தார்கள்.

இறக்கைகள் தபாலில் வந்தன. செட்டாக. எறும்பு அளவு திருகாணிகள். சாப்பாட்டுத் தட்டில் கொட்டி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக முடுக்கினான். ஒன்று காணாமல் போனது. தரை முழுக்கத் தடவித் தேடி எடுத்தான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஏரிக்குள் போய் நின்று மேலே அனுப்பினான். சத்தம் சிறிதாகி நின்றது. திரையில் ஊர் வந்தது. கோயில், தண்ணீர்த் தொட்டி, கூரைகள். அவனுடையது நடுவில் இருந்தது, இரண்டு பக்கமும் கூரைகள் ஒட்டியபடி. கொஞ்சம் தள்ளி அண்ணன் வீட்டு மொட்டைமாடி. அதில் பரப்பிய முந்திரிக்கொட்டை, அதன் நடுவில் ஒரு பனியன்.

அங்கேயே நிறுத்தினான்.

சத்தம் கேட்டிருக்க வேண்டும். பனியன் அசைவதை நிறுத்தியது. அண்ணன் கையை நெற்றியில் வைத்து மேலே பார்த்தான். முகம் தெரியவில்லை. இறக்கினால் தெரியும். பெனடிக்ட் இறக்கவில்லை. கையை ஆட்டலாம் என்று தோன்றியது. ஏரிக்குள் நின்று ஆட்டினால் யாருக்குத் தெரியும்? அண்ணன் கொஞ்ச நேரம் அப்படியே நின்றான். பிறகு மறுபடி காலால் கிளறத் தொடங்கினான்.

ரிமோட் கத்தியது. திரும்பி வரச் சொல்லும் பொத்தானை அழுத்தாமல் அவனே ஓட்டிக்கொண்டு வந்தான். தலைக்கு மேல் வந்து நின்றது. அதற்குத் தரை தெரியாது. கையை நீட்டினான். உள்ளங்கையில் இறங்கியது. மோட்டார் நின்ற பிறகும் சூடாக இருந்தது. ஆறும் வரை அப்படியே வைத்துக்கொண்டு நின்றான்.